வாசலில் உட்கார்ந்திருக்கும் புரோகிராம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போன மாதம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா. பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும், மெக்கானிக்கல்காரனும் தூங்காம கேக்கணும்" என்றார். இரண்டாவது நிபந்தனை கஷ்டமானது. முயற்சி பண்ணுகிறேன்.

எட்டயபுரத்துக்காரன் மேடை ஏறினால் பாரதியாரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். நான் அவருடைய அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். சின்னச்சாமி ஐயருக்கு இயந்திரங்கள் மேல் பெரிய ஆசை. எட்டயபுரத்தில் பஞ்சாலை ஒன்று தொடங்கி, பணத்தையெல்லாம் இழந்து நொடித்துப்போனார். ஆக, எங்கள் ஊருக்கு இயந்திரம் வந்த கதையே ஒரு நஷ்டக் கதை. நானும் இன்றைக்கு ஒரு நஷ்டக் கதைதான் சொல்லப்போகிறேன். நஷ்டம் என்னுடையது மட்டுமாக இருந்திருந்தால் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பாடம். 2005-ல் நாங்கள் விடுதியில் சேர்ந்தபோது முதலாண்டு மாணவர்கள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. வாசலில் வாட்ச்மேன் அண்ணாச்சி மேஜையில் ஒரே ஒரு போன். மணி அடித்தால் அவர் எடுப்பார். "ரூம் நாற்பத்திரண்டு, உனக்குத்தாம்ல!" என்று ஒரு சத்தம். நாம் ஓடிப்போனால் ரிசீவரைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பேசுகிறவனுக்கு போன் எங்கே அடித்தது, யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் தேவையில்லை. காதில் வைத்துப் பேசினால் போதும். தொண்ணூறு பேருக்கும் சேர்த்து ஒரே ஆள் காத்திருந்ததால்தான் மற்ற எல்லோரும் நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

யூனிக்ஸ் உலகத்தில் இந்த வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு 'ஐநெட்டி' என்று பெயர். 1986-ல் வந்த 4.3 பி.எஸ்.டி. யூனிக்ஸில் இருந்தது. அந்தக் காலத்து இயந்திரங்களில் நினைவகம் சில மெகாபைட்டுகள்தான். ஃபைல் அனுப்ப ஒரு புரோகிராம், தூரத்திலிருந்து உள்ளே நுழைய ஒன்று, நேரம் சொல்ல ஒன்று என்று எல்லாம் இரவும் பகலும் விழித்துக்கொண்டே இருந்தால் இயந்திரம் தாங்காது. அதனால் ஐநெட்டி ஒன்று மட்டும் எல்லா வாசலிலும் காதை வைத்துக்கொண்டிருக்கும். 21-ஆம் எண் வாசலில் யாராவது தட்டினால் ஃபைல் அனுப்பும் புரோகிராமை எழுப்பும், 23 என்றால் டெல்நெட்டை. இணைப்பை அதன் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடும்.

இதில் அழகு என்னவென்றால், எழுப்பப்படுகிற புரோகிராமுக்கு நெட்வொர்க் என்றால் என்னவென்றே தெரிய வேண்டாம். கீபோர்டிலிருந்து ஒரு வரி படித்து, திரையில் ஒரு வரி எழுதத் தெரிந்தால் போதும். படிக்கிற வாய்க்கும் எழுதுகிற வாய்க்கும் ஐநெட்டி நெட்வொர்க்கை மாட்டிவிடும். இரண்டாம் வருஷ மாணவன் எழுதுகிற பத்து வரி புரோகிராமைக்கூட உலகத்துக்குச் சேவை செய்ய வைத்துவிடலாம். (விடுதி உவமை ஓரிடத்தில் இடிக்கும். எங்கள் போன் ஒரே லைன், ஒருவன் பேசினால் எல்லோருக்கும் எங்கேஜ்டு. ஐநெட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு புரோகிராமைக் கிளப்பிவிடும். 'நோவெயிட்' என்று எழுதினால் அப்படி. 'வெயிட்' என்று எழுதினால் வாசலையே அந்த புரோகிராமிடம் ஒப்படைத்துவிட்டு அது முடிக்கும் வரை காத்திருக்கும்.)

உலகத்துக்கே சேவை செய்யலாம் என்றால் உலகமே வந்து தட்டலாம் என்றும் அர்த்தம். 1988 நவம்பர் 2-ஆம் தேதி மோரிஸ் புழு பரவியபோது அது நுழைந்த வழிகளில் ஒன்று 'ஃபிங்கர்' என்ற சேவை. யார் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று சொல்கிற ஒரு அப்பாவி புரோகிராம், ஐநெட்டி எழுப்பிவிடுவது. எவ்வளவு நீளமான வரி வரலாம் என்று அது கணக்கு வைக்கவில்லை. 1996-ல் இன்னொரு கூத்து. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் 'எக்கோ' சேவையையும், நிறுத்தாமல் எழுத்துகளைக் கொட்டும் 'சார்ஜென்' சேவையையும் ஒன்றோடொன்று பேசவிட்டால் இரண்டும் ஓயாமல் பேசி நெட்வொர்க்கையே மூச்சுத் திணற வைக்கும் என்று அமெரிக்காவின் செர்ட் மையம் எச்சரிக்கை வெளியிட்டது. யாருக்கும் தேவைப்படாமலேயே திறந்து கிடந்த வாசல்கள் அவை.

இப்படி அடிபட்டுத்தான் 'எக்ஸ்-ஐநெட்டி' வந்தது. இது விதிப்புத்தகம் வைத்திருக்கும் வாட்ச்மேன். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சின்ன ஃபைல். அதில் எந்த யூசர் பெயரில் ஓட வேண்டும், எந்த முகவரிகளிலிருந்து வந்தால் விட வேண்டும், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, ஒரே நேரத்தில் எத்தனை பேர், ஒரு முகவரியிலிருந்து அதிகபட்சம் எத்தனை பேர், ஒரு விநாடிக்கு இத்தனை பேருக்கு மேல் வந்தால் எவ்வளவு நேரம் கதவைச் சாத்த வேண்டும், எல்லாம் எழுதலாம். 'டிஸேபிள் = எஸ்' என்று ஒரு வரி இருந்தால் அந்த வாசலே கிடையாது. எங்கள் காலத்து ஆய்வகத்தில் ரெட்ஹேட் லினக்ஸில் இதைத்தான் கற்றுக்கொண்டோம். செய்முறைத் தேர்வில் எனக்கு 'டைம்' சேவையை இயக்கிக் காட்டச் சொன்னார்கள். முழு மதிப்பெண். அதுதான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

இனி நஷ்டக் கதை.

2011. தூத்துக்குடியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் வேலை. ஏற்றுமதி கன்டெய்னர்கள் துறைமுகத்துக்குள் போவதற்கு முன் லாரியோடு வந்து எடை போட்டு, பதிவு எண் வாங்கி, வரிசையில் நிற்கிற இடம். பதிவு எண் கொடுக்கும் புரோகிராமை நான்தான் பெர்ல் மொழியில் எழுதினேன். ஒரு வரி படிக்கும்: லாரி நம்பர், கன்டெய்னர் நம்பர், எடை. ஒரு வரி எழுதும்: பதிவு எண். அதை டவுன் ஆபீஸில் இருந்த சர்வரில், எக்ஸ்-ஐநெட்டியின் கீழ் வைத்தேன். யார்டில் கேட் கம்ப்யூட்டர்கள் பன்னிரண்டு. காலையில் இணைத்தால் ஷிஃப்ட் முடியும் வரை இணைப்பை விடாது. என் சர்வீஸ் ஃபைல் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். ஏழு மாதம் ஒரு புகார் இல்லை.

அப்புறம் யார்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் ரூட்டரை மாற்றினார்கள். மாற்றிக் கொடுத்த பையன் நம் கல்லூரிதான், எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். சுத்தமான வேலை. கேபிளுக்கெல்லாம் லேபிள் ஒட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். மறுநாள் கப்பல், இரவுக்குள் கட்-ஆஃப், லாரிகள் மதுரை ரோட்டில் வரிசை கட்டி நிற்கின்றன. பதினொன்றாம் கேட்டும் பன்னிரண்டாம் கேட்டும் படுத்துவிட்டன. "கனெக்ஷன் குளோஸ்டு" என்று மட்டும் வருகிறது. நான் ஓடிப்போய் எக்ஸ்-ஐநெட்டியை ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டு கேட்டும் எழுந்துவிட்டன. வெற்றிப் புன்னகையோடு டீ குடிக்கப் போனேன். டீ ஆறுவதற்குள் மூன்றாம் கேட்டும் ஏழாம் கேட்டும் படுத்துவிட்டதாக போன்.

பகலெல்லாம் ஒன்றும் ஆகாது. எட்டு கேட்டுதான் ஓடும், எல்லாம் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் கூட்டம் வந்து பன்னிரண்டையும் திறந்தால் ஏதோ இரண்டு விழும். எந்த இரண்டு என்று சொல்ல முடியாது. மூன்று ராத்திரி இப்படிப் போனது. கேபிளை மாற்றினேன், புரோகிராமைத் திரும்பத் திரும்பப் படித்தேன், தப்பே இல்லை. மேனேஜர் கேட்டபோது, "சார், ரூட்டர் மாத்தினதிலிருந்துதான் இப்படி" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அதை நான் சொன்ன விதத்தில், அவர் என்ன முடிவுக்கு வருவார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் ராத்திரி, கோவில்பட்டி பக்கத்திலிருந்து தீப்பெட்டி லோடு கொண்டுவந்த ஒரு டிரைவர், என் பெரியப்பா வயசு இருக்கும், ஜன்னல் பக்கம் வந்து, "தம்பி, நம்ம வண்டிய எப்ப விடுவீய?" என்று கேட்டார். நான் எட்டயபுரம் என்று தெரிந்ததும் ஊர்க் கதை பேச ஆரம்பித்தார். கோபமே படவில்லை. அவருடைய பெட்டி அந்தக் கப்பலைத் தவறவிட்டது. அடுத்த கப்பல் வரை லாரி வாடகை யார் தலையில் விழுந்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் ராத்திரி கேட்டில் சீட்டு எழுதுகிற அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரைத் தொடாதவர். "தம்பி, நீங்க என்னமோ பண்ணுதீய, படுத்தது எந்திரிக்கு, ஓடுனது படுக்கு. சீக்கு தீரல பாத்துக்கிடுங்க, இடம்தான் மாறுது. நானும் மூணு நாளா எண்ணுதேன். எப்ப எண்ணினாலும் பத்துதான் ஓடுது."

பத்து.

ஆபீஸுக்குத் திரும்பி, சர்வரின் லாக் ஃபைலைத் திறந்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக. முதல் ராத்திரியிலிருந்தே அந்த வரி நூற்றுக்கணக்கில் இருந்தது. 'ஃபெயில்', சேவையின் பெயர், 'பெர் சோர்ஸ் லிமிட்', பக்கத்தில் ஒரே முகவரி, புது ரூட்டருடையது.

விஷயம் இதுதான். முன்பு பன்னிரண்டு கேட்டும் பன்னிரண்டு முகவரிகளிலிருந்து வந்தன. புது ரூட்டர், இப்போது வீட்டு ரூட்டர்கள் எல்லாம் செய்கிற மாதிரி, எல்லோரையும் தன் ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தி அனுப்பியது. எக்ஸ்-ஐநெட்டியின் பொது விதி ஃபைலில், நான் எழுதாத, திறந்தே பார்க்காத ஃபைலில், 'பெர் சோர்ஸ் = 10' என்று இருந்தது. ஒரு வீட்டிலிருந்து பத்துப் பேருக்கு மேல் விடாதே. வாட்ச்மேன் விதிப்படி நடந்தார். பதினோராவது ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அனுப்பியதை நோட்டுப் புத்தகத்தில் ஒழுங்காக எழுதியும் வைத்தார். நான் ரீஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் எல்லோரையும் வெளியே தள்ளினேன். முண்டியடித்து முதலில் வந்த பத்துப் பேர் உள்ளே போனார்கள். அதனால்தான் சீக்கு இடம் மாறியது.

என் சர்வீஸ் ஃபைலில் பதின்மூன்றாவது வரியாக 'பெர் சோர்ஸ் = 30' என்று சேர்த்தேன். ரீஸ்டார்ட் இல்லை, ரீலோடு. ஓடுகிற பத்தும் ஓடிக்கொண்டே இருக்க, மீதி இரண்டும் எழுந்தன. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷ வேலை.

மறுநாள் மேனேஜரிடம், "ஒரு செட்டிங் மாத்தினேன் சார், சரியாயிடுச்சு" என்றேன். எந்த செட்டிங், யாருடைய செட்டிங் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்தில் அந்த ஜூனியரைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலை. "அண்ணே, அந்த ரூட்டர் பில்லை மூணு மாசம் நிறுத்தி வச்சாங்க. கடை வாடகைக்கு நகையை அடகு வச்சோம். இன்னிக்கு வரைக்கும் ஏன்னு தெரியலண்ணே" என்றார். அங்கேயே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கை கழுவப் போகும்போது, "அந்த லாக் வரியை அன்னிக்கே எனக்கு ஒரு தடவை காட்டியிருக்கலாம்ண்ணே" என்றார். இதை இந்த மேடையில் சொல்வதற்கு அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு வரவில்லை, வேலை.

மாணவர்கள் கேட்கலாம்: எக்ஸ்-ஐநெட்டி எல்லாம் இப்போது எதற்கு? நியாயமான கேள்வி. 2022-ல் வந்த ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ல் அது கிடையாது. வாசலில் உட்காரும் வேலையை 'சிஸ்டம்டி' எடுத்துக்கொண்டுவிட்டது. நம் வீடுகளுக்கே அது வந்துவிட்டது. சென்னை சி-டாக் 2007-ல் 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. 2011-லிருந்து தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. என் தங்கைக்கும் ஒன்று கிடைத்தது. விண்டோஸில் அவள் படம் பார்த்தாள், பாஸில் நான் வாசல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பாஸுக்கு அடிப்படை டெபியன். அந்த டெபியனில் 2014-ல் பெரிய சண்டை நடந்து, 2015-ல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து சிஸ்டம்டி நிலைத்துவிட்டது. ஒரே புரோகிராம் இத்தனை பொறுப்பையும் சுமக்கலாமா என்பது சண்டை. எனக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை, ஆனால் சோறு போடுவது அதுதான்.

அதில் ஒரு சேவைக்கு இரண்டு ஃபைல். 'சாக்கெட்' ஃபைல் வாசலைச் சொல்லும், 'சர்வீஸ்' ஃபைல் ஆளைச் சொல்லும். 'ஆக்ஸெப்ட் = எஸ்' என்று போட்டால் பழைய நோவெயிட் மாதிரியே ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு ஆள். அங்கேயும் நீங்கள் எழுதாத எண் ஒன்று காத்திருக்கிறது: ஒரே நேரத்தில் 64 இணைப்பு. அறுபத்தைந்தாவது ஆள் வரும் நாளில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டம்டி செய்கிற இன்னொரு வேலை கண்காணிப்பு. வேலைசெய்கிறவன் விழுந்தால் தூக்கிவிடுவது. இங்கே எனக்கு முத்துக் குளிப்பு ஞாபகம் வரும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். நான் பார்த்ததில்லை, பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். குளிக்கிறவர் கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே போவார், மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடிப்பார். கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா. கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். அது ஒரு பாதி வேலை. மேலே வந்த ஆள் மூக்கில் ரத்தம் வழிய வந்தால் திரும்ப உள்ளே இறக்கக் கூடாது. அது மறு பாதி.

சிஸ்டம்டியிலும் மறு பாதி இருக்கிறது. பத்து விநாடிக்குள் ஐந்து தடவைக்கு மேல் ஒரு சேவையைக் கிளப்ப வேண்டி வந்தால், இனி எழுப்ப மாட்டேன் என்று நிறுத்திக்கொள்ளும். எங்கள் சென்னை ஆபீஸில் ஒரு பையன் நல்ல எண்ணத்தில், 'ரீஸ்டார்ட் = ஆல்வேஸ்', 'ரீஸ்டார்ட் செக் = 5' என்று எழுதினான். விழுந்தால் ஐந்து விநாடி பொறுத்துத் தூக்கு. கணக்குப் போடுங்கள்: பத்து விநாடியில் இரண்டு தடவைதான் ஆகும், ஐந்தைத் தொடவே தொடாது. மச்சான் நிறுத்தவே மாட்டான். பொங்கல் லீவு நான்கு நாளும், ஒரே ஒரு கெட்டுப்போன பதிவைத் தொட்டு விழுந்து, எழுந்து, மறுபடி அதையே தொட்டு விழுந்து, நாளொன்றுக்குச் சுமார் 17,000 தடவை. வெளியிலிருந்து பார்த்தால் 'இயங்குகிறது' என்று பச்சை விளக்கு. அந்தப் பையனை நான் திட்டவில்லை. லாக்கைத் திறந்து பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தோம். மேனேஜருக்கு மெயில் எழுதும்போது அவன் பெயரைப் போடவில்லை. அந்த ஃபைலைப் பரிசோதித்து அனுமதித்தவன் நான், அதைப் போட்டேன்.

பேச்சு இவ்வளவுதான். மீதி மதியம் மூன்று மணிக்கு ஆய்வகத்தில். எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடுத்த பஸ் எப்போது என்று சொல்லும் ஒரு சின்ன புரோகிராம். ஊர் பெயரைப் படிக்கும், நேரத்தை எழுதும், அவ்வளவே. அதை சிஸ்டம்டி வாசலில் நீங்களே உட்கார வைக்கப்போகிறீர்கள். அப்புறம் ஐம்பது பேரும் ஒரே ரூட்டருக்குப் பின்னாலிருந்து தட்டுங்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்ப்போம். வீட்டில் பழைய அரசு மடிக்கணினி இருந்தால் எடுத்து வரலாம், அதுவும் ஓடும். கோவில்பட்டி, தூத்துக்குடி பஸ் நேரம் என்னிடம் இருக்கிறது. விளாத்திகுளம் நேரம் யாருக்காவது சரியாகத் தெரிந்தால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் வைத்திருப்பது 2009-ல் எழுதிக்கொண்டது.